நடுவர் நாற்காலிக்கு நம்மில் யார் தகுதி?

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கூடிய தோட்டத் தொழிலாளர், கிராணிமார் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஜொகூர் பாலம் தாண்டிச் சாமான் வாங்கவும், வீரமாகாளியம்மனைக் கும்பிடவும் வந்த இடத்தில் எங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. இந்தச் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் நீ சூன், செம்பவாங் பக்கங்களில் ரப்பர் மரங்கள் நின்றன. நம்மவர் அங்கும் பால் வெட்டினர். இன்று அந்த மரங்கள் இல்லை. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இவ்வூரில் இருக்கிறது.

1955 மே மாதம் ஹாக் லீ பஸ் தொழிலாளர் தகராறு தெருக்கலவரமாக வெடித்து நான்கு உயிர்களைப் பலி கொண்டது. தகராறைக் கேட்டுத் தீர்க்க இருதரப்பும் நம்பும் மன்றம் இல்லையென்றால் என்ன நேரும் என்பதை ஊரே கண்டது. 1960ல் தொழில் உறவுச் சட்டம் வந்தது. தொழில் நடுவர் நீதிமன்றமும் அமைந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த சார்ல்ஸ் கம்பா. மலாயாத் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் வரலாற்றை 1962ல் நூலாக எழுதியவரும் அவரே. நம் வாழ்வைப் படித்தறிந்த ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்!

அந்த மன்றத்தில் தலைவர் மட்டும் தனித்து அமர்வதில்லை. தொழிலாளர் தரப்புப் பட்டியலிலிருந்து ஒருவரும், முதலாளிகள் தரப்புப் பட்டியலிலிருந்து ஒருவரும் இருபுறமும் அமர்கின்றனர். சட்டப் புள்ளி, எழுத்துப் பிழை என்று பாராமல், நியாயத்தையும் வழக்கின் உண்மையையும் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அப்படியானால் அந்த நாற்காலிக்கு நம்மில் யார் தகுதி? இங்கிலீஷ் நன்றாகப் பேசுபவரா? மேடையில் அனல் கக்குபவரா?

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் மழை நாள் சம்பளத் தகராறு. சமரசப் பேச்சுக்குப் போனோம். எங்கள் பேச்சாளர் ஒரு மணி நேரம் முழங்கினார். நடுவே இருந்தவர் அமைதியாக ஒரே கேள்வி கேட்டார்: “அந்த ஆண்டில் மழையால் வெட்டு நின்ற நாட்கள் எத்தனை?” எங்களிடம் பதில் இல்லை. பதில் செக்ரோலில் இருந்தது. செக்ரோல் எழுதிய கிராணியோ, “துரையின் ஆள்” என்று நாங்களே ஒதுக்கி வைத்ததால் வாசலில் நின்றார். அன்று தோற்றோம். எங்களைத் தோற்கடித்தது துரையல்ல, எங்கள் சந்தேகமே.

ஆகவே முதல் தகுதி, கணக்கு. எந்த நிரையில் எத்தனை மரம், எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் பெரட்டு என்று நாள்தோறும் குறித்து வைப்பவனே நியாயம் கேட்க வல்லவன். இரண்டாவது தகுதி, சட்டத்தின் எல்லையை அறிவது. சிங்கப்பூரில் 1968ல் செய்த திருத்தம் பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு போன்றவற்றைச் சங்கங்களின் பேரத்திலிருந்து விலக்கியது. எல்லை தெரியாமல் வாதாடுவது, அடுத்தவன் நிரையில் போய் மரம் வெட்டுவது போலாகும்.

மூன்றாவது தகுதிதான் கடினமானது. அமெரிக்காவில் தொழில் நடுவர்கள் 1947ல் தங்களுக்கென ஒரு தேசியக் கழகம் அமைத்தனர். அதில் சேர விரும்புவோர் நடுவராக இருந்து பல வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதியிருக்க வேண்டும். முதலாளிக்கோ சங்கத்துக்கோ வாதாடுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு அங்கே இடமில்லை. சிங்கப்பூர் மன்றத்தின் ஏற்பாடு வேறு. அங்கே நம் தரப்பிலிருந்தே ஒருவர் போகிறார். போனவர் நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் துரோகி என்று தூற்றலாமா?

கூடாது, தோழர்களே! அவர் எடுத்துச் செல்ல வேண்டியது நம் கட்டளையை அல்ல, நம் வாழ்வின் அறிவை. விடியுமுன் வாளியோடு இறங்குபவளின் முதுகுவலியை மன்றத்துக்கு அவர் உணர்த்த வேண்டும். நம் கோரிக்கையில் நியாயம் இல்லையென்றால், இல்லையென்று சொல்லவும் வேண்டும். நம்மிடம் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியவர் முதலாளியிடம் ‘இல்லை’ என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. கள்ளத்தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கள்ளத்தராசுதான் என்பது ஸ்டோரில் பால் நிறுத்துப் பார்த்த நமக்குத் தெரியாதா?

மலேசியாவிலும் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே நிற்கவும், பேசவும், ஒரு நாள் அமரவும் நம் பிள்ளைகளை இன்றே பழக்குவோம். பால் வெட்டுபவர் ஒரு நோட்டு வைத்து எழுதட்டும். கிராணியார் அதைச் சரிபார்த்துச் சொல்லித் தரட்டும். இருவரும் ஒரே பெஞ்சில் அமரும் நாளே நமக்கு வெற்றி நாள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!