திரையில் ஒரு கடை

கடை நிறையச் சரக்கு இருப்பதனாலேயே வியாபாரம் செழித்துவிடாது. விலைபோகாத சரக்கும் ஒரு செலவே ஆகும். இவ்வுண்மையை ஒரு கணிப்பொறி விளையாட்டு அழகாகப் புலப்படுத்துகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1973-ஆம் ஆண்டு பள்ளி மாணவருக்கென உருவாக்கப்பட்டு, 1979-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கும் வந்த 'லெமனேட் ஸ்டாண்ட்' என்பது அதன் பெயர். எலுமிச்சம்பழச் சர்பத்துக் கடை என்று பொருள்.

கையில் முதல் 2 டாலர். ஒவ்வொரு நாளும் வானிலை முதலில் தெரிவிக்கப்படும். அதைக்கொண்டு, எத்தனை குவளை தயாரிப்பது, எத்தனை விளம்பரத் தட்டி வைப்பது, என்ன விலை கூறுவது என்னும் மூன்றையும் ஆடுபவர் தீர்மானிக்கவேண்டும். வெயில் கொளுத்தினால் ஆதாயம். இடிமழை வந்தால் அன்றைய சரக்கு முழுவதும் நஷ்டம். மீந்த சர்பத்து மறுநாளைக்கு உதவாது.

இதை ஆடித் தோற்றபோது நமக்குப் புனே நகரத்து மகாத்மா ஃபுலே மண்டயி நினைவுக்கு வந்தது. 1886-இல் திறக்கப்பட்ட காய்கறிச் சந்தை அது. அந்தி வேளையில் அங்கே கொத்துமல்லிக் கட்டைப் பாதி விலைக்குக் கேட்பது நம் வழக்கம். விற்பவள் இணங்கினால், நம் சாமர்த்தியம் என்று மகிழ்ந்தோம். அவள் நம் பேச்சுக்கு இணங்கவில்லை. விடிந்தால் வாடிவிடும் கீரைக்கு அஞ்சியே இணங்கினாள்.

திரையில் தோற்றவருக்கு மறு ஆட்டத்தில் மீண்டும் முதல் கிடைக்கும். அவளுக்கோ, இன்று விற்ற பணமே நாளைய கொள்முதல். இப்பொழுதெல்லாம் நாம் அந்தியில் பேரம் பேசுவதில்லை.