காத்தை வாளியில் பிடித்தவர்கள்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாத்தம் என்கிற சொல்லை நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இந்த நாட்டில் யாரும் கிடையாது. நம்ம பக்கம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டே பேசுறவனைப் பார்த்திருக்கோம். அவன் மூக்கு சொன்னா அது சாட்சி. நம்ம மூக்கு சொன்னா வெறும் புகார், அதுக்கும் மனு எழுதி ரசீது வாங்கணும். இன்னிக்கு இந்த மூக்கு விவகாரத்தைத்தான் பேசப்போறேன். காற்றில் கலந்திருக்கிற கரிம வாயுக்களை யார் அளக்கிறார்கள், எங்கே வைத்து அளக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நார்கோ என்று ஓர் ஊர். அதில் டயமண்ட் என்பது கறுப்பின மக்களின் குடியிருப்பு. மொத்தம் நாலே நாலு தெரு. ஒரு பக்கம் ஷெல் கம்பெனியின் ரசாயன ஆலை, மறுபக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெள்ளையர்கள் தள்ளி இருந்தார்கள், நடுவில் ஒரு மரக்காடு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் என்ன இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த மண் அது. 1950களில் ரசாயன ஆலை வந்தபோது அந்த இடத்தில் குடியிருந்த கறுப்பர்களைக் கிளப்பினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம்தான் டயமண்ட். ஆலை வேலையோ பெரும்பாலும் வெள்ளையருக்கு. 1973இல் குழாயில் வாயு கசிந்து வெடித்ததில் வீட்டிலிருந்த ஒரு மூதாட்டியும், புல் வெட்டிக்கொண்டிருந்த பையனும் செத்துப்போனார்கள். 1988இல் சுத்திகரிப்பு ஆலை வெடித்து ஏழு தொழிலாளர்கள் மாண்டார்கள்.

வெடித்தால் உலகத்துக்கே தெரியும். வெடிக்காத நாளில் கசிகிறதே, அதை எப்படிக் காட்டுவது? காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். பென்சீன், டொலுவீன், பியூட்டாடையீன் மாதிரியான வாயுக்கள் இருந்தால் நூறு கோடி பங்கில் ஒரு பங்கு, பத்துப் பங்கு என்றுதான் இருக்கும். அந்த அளவிலும் பென்சீனை வருசக்கணக்கில் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய்க்கான ஆபத்து கூடும். இதை அளக்க கேஸ் குரோமட்டோகிராப் என்ற கருவி வேண்டும். உள்ளே தலைமுடி கனத்தில் பல மீட்டர் நீளக் குழாய் சுருட்டி வைத்திருக்கும். கலந்த வாயுக்கள் அதில் போகப்போக ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் பிரிந்து, தனித்தனியாக வெளியே வரும். வாசலில் இன்னொரு கருவி அதை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து இன்ன வாயு என்று சொல்லும். கருவி ஜாதி பார்க்காது, நிறம் பார்க்காது. ஆனா அதுக்குள்ள எந்தக் காத்தை அனுப்புறதுன்னு முடிவு பண்றது மனுசன்.

அங்கேதான் சூது இருக்கு. அரசு வழக்கப்படி காற்று மாதிரி எடுப்பது ஆறு நாளுக்கு ஒரு முறை, 24 மணி நேரத்துக்குச் சேர்த்து. கணக்குப் போட்டுப் பாருங்க. நடுராத்திரி ஒரு மணி நேரம் 240 பங்கு வாயு வருது, மிச்ச 23 மணி நேரம் ஒன்றுமில்லை என்றால் சராசரி 10. ஏட்டில் 10 என்றுதான் ஏறும். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறின பிள்ளையின் நெஞ்சில் சராசரியா இறங்கியது? மிச்சம் ஐந்து நாளில் நடந்ததுக்குக் கணக்கே கிடையாது.

1995இல் கலிபோர்னியாவில் ரோடியோ என்ற ஊரில் ஆலைப் புகையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரி, அங்கே போனபோது தானே நோய்வாய்ப்பட்டார். அதிகாரிகளைக் கேட்டால், எங்கள் கருவியில் ஒரு கோளாறும் காட்டவில்லை என்றார்கள். ஒரு பொறியாளரைப் பிடித்து மலிவான சாதனம் செய்யச் சொன்னார். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை. பையின் வாய் மட்டும் மூடி வழியாக வெளியே நீட்டியிருக்கும். வாளிக்குள் இருக்கிற காற்றைச் சின்ன பம்பு உறிஞ்ச, பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். சில நிமிசம் போதும். பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதே குரோமட்டோகிராப் அதைப் படித்துச் சொல்லும்.

டயமண்ட் மக்கள் 1997இல் ஷெல் மீது போட்ட வழக்கில் தோற்றிருந்தார்கள். அப்புறம்தான் வாளி அவர்கள் கைக்கு வந்தது. ஆலை வேலியிலிருந்து 25 அடியில் குடியிருந்த ஆசிரியை மார்ஜி ரிச்சர்ட் இதில் முன்நின்றவர். மக்கள் பிடித்த காற்றில் மெதில் எதில் கீட்டோன் போன்ற தொழிற்சாலைக் கரைப்பான்கள் இருப்பதை ஆய்வகம் காட்டியது.

இப்படி வாளி வந்த இடத்திலெல்லாம் எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றுதான். இது சில நிமிசக் காற்று, நிர்ணய அளவோ 24 மணிக்கும் ஒரு வருசத்துக்கும்தான், ஆகவே ஒப்பிட முடியாது. இதில் அறிவியல் ரீதியாக ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்க வேண்டாம். ஒரு வாளி ஒரு வருச பாதிப்பைச் சொல்லாது. ஆனால் சில நிமிசத்துக்கு அளவுகோலே வைக்காமல் விட்டது யார்?

இன்னொரு கேள்வி: பென்சீன் காரிலிருந்தும் வருமே, எங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்? காற்று ஆலைக்கு வருமுன் ஒரு பை, ஆலையைக் கடந்தபின் ஒரு பை பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 1980 தேர்தலில் ரீகன் மரத்தின் மேலேயே பழி போட்டவர். மரங்கள் ஐசோப்ரீன் என்ற கரிம வாயுவை விடுவது உண்மை. அது நகரத்து நச்சு மூட்டமாக மாற, எரிபொருளை எரிப்பதில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூட வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

2000இல் ஹேக் நகரில் பருவநிலை மாநாடு. மார்ஜி ரிச்சர்ட் நார்கோ காற்று அடைத்த பையோடு போய் ஷெல் அதிகாரியை நேருக்கு நேர் நின்று கேட்டார். ஆலையை ஒட்டிய ரெண்டு தெருவை மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்றது கம்பெனி. நாலு தெருவும் சேர்ந்துதான் என்று மக்கள் நின்றார்கள். 2002இல் ஷெல் ஒத்துக்கொண்டது. 2004இல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது. ஜெயிச்சதுதான், ஆனா பெரும்பாலான வீடுகள் இடிக்கப்பட்டு, சனங்க ஆளுக்கொரு திசையாப் போனாங்க. ஆலை அங்கேயே நின்னுச்சு.

அதே 2004இல் அந்த வாளி கடலூருக்கு வந்தது. சிப்காட்டைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு மாதிரி ஊர்களின் ஆட்கள் தாங்களே காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பையில் புற்றுநோய் உண்டாக்குகிற வாயுக்களும் இருந்தன. வாளி இல்லாத நாளில் மூக்கும் நோட்டும்தான் கருவி. எத்தனை மணி, காத்து எந்தப் பக்கமிருந்து, அழுகின முட்டையா நகப்பாலிஷா, கண் எரிஞ்சதா, தலை சுத்திச்சா, எத்தனை பேருக்கு. நாள் தவறாம எழுதி வையுங்க, தேதி போட்டு.