ஆராய்ச்சிப் பரிசும் எங்கள் பிள்ளைகளும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு வருடாந்தப் பரிசொன்று வைக்கப் போகிறோம். உயர்தரப் பரீட்சையில் முதலாவதாக வரும் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம் என்பதே பலருடைய எண்ணம். எனக்கு வேறோர் எண்ணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

அன்னா மணி என்ற விஞ்ஞானியை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். நல்லதண்ணியைப் போலவே மழையும் தேயிலையுமான மலைப்பகுதி அது. ஆனால் அவர் லயத்துப் பிள்ளை அல்லர்; தகப்பனார் பொறியியலாளர், ஏலத்தோட்டக்காரர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் இரண்டையுமே கேட்டிருக்க முடியாது, அது வேறு கதை.

சென்னையில் படித்துவிட்டு, பெங்களூரில் சி. வி. ராமனுடைய ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதை ஆராய்ந்தார். ஒரு படத்தகட்டில் அந்த ஒளி பதிய 15, 20 மணித்தியாலம் பிடிக்கும். ஆய்வுகூடத்திலேயே படுத்துறங்கிய இரவுகள் உண்டு. 1942க்கும் 1945க்கும் இடையில் தனியொருவராக ஐந்து கட்டுரைகள் எழுதினார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். முதுமாணிப் பட்டம் இல்லையென்று கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஐந்து கட்டுரைகள் கையில் இருந்தன. ஒரு சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான்.

பௌதிகம் மேலும் படிக்க லண்டனுக்குப் போனவருக்கு வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சியே கிடைத்தது. அதையே பற்றிக்கொண்டார். 1948இல் புனேக்குத் திரும்பி, ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழிசெய்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்க நிலையங்கள் அமைத்தார். 1976இல் ஓய்வு. இந்திய தேசிய விஞ்ஞான அக்கடமியின் கே. ஆர். ராமநாதன் பதக்கம் வந்தது 1987இல்.

நம் நாட்டின் சனாதிபதி ஆராய்ச்சி விருதுகளும் சர்வதேச சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகளைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் கட்டுரைக்கு முன்னால் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. டி.ஆர்.ஐ. 2025 என்ற செடி எங்கள் மலைகளில் தெரியாத ஆளில்லை. பரிசோதனைப் பாத்திகளில் கொழுந்து எடுத்து நிறுத்துக் கொடுக்காமல் எந்தச் செடியின் விளைச்சலையும் யாரும் அறிந்திருக்க முடியாது. அந்தக் கைகள் எங்கள் அம்மாமாருடையவை.

எங்கள் அப்பா தோட்ட ஆபீசில் வேலை செய்தார். தினமும் மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். சின்ன வயதில் நான் அதை எழுத்து வேலை என்றே நினைத்தேன். அதுவும் விஞ்ஞானம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உயர்தரத்தில் பௌதிகம் எடுக்கப் பயந்து விட்டுவிட்டேன்.

ஆகவே என் யோசனை இதுதான். பதக்கம் வேண்டாம். ஒரு வருடம் விடாமல் எதையாவது அளந்து எழுதிய பிள்ளைக்கு, அது மழையோ, ஓடை நீரோ, தேயிலையில் விழும் பூச்சியோ, அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பரிசு கொடுப்போம். பரீட்சைப் புள்ளி கேட்க வேண்டாம். பணத்தை அவள் மேற்படிப்புக்கே ஒதுக்குவோம். 1967இல் துடிப்பு விண்மீன்களை முதலில் கண்டவர் ஜோசலின் பெல் பர்னல். அதற்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய பேராசிரியருக்குப் போனது. 2018இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசை முழுவதுமாக, வாய்ப்பில்லாத மாணவர்கள் பௌதிகம் படிக்கவே அவர் கொடுத்துவிட்டார். நம்மிடம் இருப்பது அதில் ஒரு துளிகூட இல்லை. கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் அக்காமார் மனம் வைத்தால் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்காவது போதும்.

மழைமானி ஒன்றை நானே வாங்கிவந்து அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மரநிழல் விழாத இடத்தில் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். ஞாயிறு யாருடைய முறை என்பதைத் தங்கைமார் நீங்களே பேசி எடுத்துக்கொள்ளுங்கள்.