இரண்டு நாய்ப் பாட்டுகள்

(வடக்குப்பட்டு காலனியில் மன்றத்துத் தம்பிகள் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, அம்மாமார்களே, நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்காம வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே,

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் பற்றிப் பேச வந்திருக்கேன். கேசட்டுன்னே வாயில வருது, மன்னிக்கணும். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்துப் பாட்டுகள். மாரி செல்வராஜ் படம், சந்தோஷ் நாராயணன் இசை, பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. உங்களில் பாதிப்பேர் போனில் இருக்கும்.

அதில் ‘கருப்பி’ என்றொரு பாட்டு. கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கருப்பி ஒரு வேட்டை நாய். வளர்ப்பவன் பரியன், நம்மைப் போல ஒரு சேரிப் பையன். ஆதிக்க சாதிப் பையன்கள் அந்த நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரே அழுது அதை அடக்கம் செய்கிறது. ஒப்பாரியும் இந்தக் காலத்து இசையும் கலந்த பாட்டு அது.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். பக்கத்துக் கவுண்டரில் இருந்த ஒருவர் ஒருநாள் சொன்னார்: "அந்த நாய்ப் பாட்டு கேட்டேன் சார், அழுதுட்டேன். எங்க வீட்ல கூட ஒண்ணு இருந்துச்சு." உண்மையாகவே கண் கலங்கியது அவருக்கு. பொய் இல்லை. ஆனால் கட்டினவன் யார், ஏன் கட்டினான் என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. நாய் செத்தது, அவர் அழுதார், டோக்கன் நம்பர் கூப்பிட்டார், அவ்வளவுதான். இப்படிக் கேட்கிற காது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பர்கள் பாடிய பாட்டுக்கு ப்ளூஸ் என்று பேர். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் வந்தும் வாரத்துக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த சனங்கள். முதல் அடியைப் பாடுவார்கள், அதையே திருப்பிப் பாடுவார்கள், மூன்றாவது அடி பதில் சொல்லும். நம்ம ஆயாமார்கள் பிணத்தண்டை உட்கார்ந்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டு, மூன்றாவதில் ஒரு வைவு வைப்பார்களே, அதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ப்ளூ என்றால் அங்கே துக்கத்தின் நிறம். நமக்கு நீலம் வேறே, நம்ம கொடி. ‘நான் யார்’ பாட்டில் பரியன் உடம்பெல்லாம் நீலம் பூசி வருகிறானே, அங்கே இந்த இரண்டு நீலமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். கவிஞன் புத்தி, விட்டுவிடுங்கள்.

1920-லிருந்து ப்ளூஸ் தட்டுகளாக விற்க ஆரம்பித்தது. கறுப்பர் தட்டுக்குத் தனி வரிசை, பேரே ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. பாட்டிலும் காலனி தனி, ஊர் தனி. இப்போது இன்னொரு நாய்ப் பாட்டுக்கு வருகிறேன். பிக் மாமா தார்ன்டன் என்று ஒரு கறுப்புப் பெண் பாடகி. 1952-ல் ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். எழுதியவர்கள் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள், ஆனால் அதற்கு உயிர் இவர் தொண்டை. அதில் வருகிற நாய் நிஜ நாயே இல்லை. உழைக்காமல் ஒரு பெண்ணின் வாசலையே மோந்து கொண்டு திரிகிற ஆம்பளை. போடா என்று விரட்டுகிறாள். 1953-ல் கறுப்பர் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம்.

1956-ல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடினார். சொற்கள் மாறியிருந்தன. விரட்டுகிற பெண்ணைக் காணோம். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு நிஜ நாய்க்குத் தொப்பி போட்டு மேடையில் நிறுத்தி, அதைப் பார்த்துப் பாட வைத்தார்கள்! உலகமே ஆடியது. தார்ன்டனோ தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலருக்கு ஒரே ஒரு காசோலை என்று சொன்னார். காசோலையைத் தினம் பார்க்கிறவன் என்பதாலோ என்னவோ, அந்தச் செய்தி என்னை விடமாட்டேன் என்கிறது.

2025-ல் ‘சின்னர்ஸ்’ என்று ஒரு படம் வந்தது. 1932-ன் மிசிசிப்பியில் ஒரு ப்ளூஸ் பையன். அவன் ரத்தம் மட்டும் போதாது, அவன் பாட்டும் வேண்டும் என்று ரத்தக் காட்டேரி வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே கூப்பிட்டால்தான் வர முடியும். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்கிறது. நம்ம பாட்டை ரசிக்க வருகிறவர்கள் எல்லோரும் காட்டேரி என்று சொல்ல வரவில்லை. பக்கத்துக் கவுண்டர்க்காரர் காட்டேரி இல்லை. ஆனால் பெண்ணை எடுத்துவிட்டு நாயை வைத்த மாதிரி, சாதியை எடுத்துவிட்டு நாயை வைத்துக்கொண்டார்.

பாட்டு யார் காதில் எப்படி விழுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. 1992-ல் ‘தேவர் மகன்’ வந்தது. அதன் பாட்டு ஒன்றைத் தெற்கே திருவிழாவிலும் ஊர்வலத்திலும் நம்ம தெருவைப் பார்த்து ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துப் போட்டார்கள். அந்தப் படம் தனக்கு உண்டாக்கின வலியை மாரி செல்வராஜ் 2023-ல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையிலேயே சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஆள் செய்ததுதான் ‘கருப்பி’.

ஆனால் நம்ம காதிலும் இது ஒரே மாதிரி விழவில்லை. அதைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை. என் நைனா மேளம் அடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி ஒரு மணிக்கும் ஆள் வரும். போகாமல் இருக்க முடியாது. கூலி என்று கேட்க முடியாது, மரக்கா நெல்லும் சாராயமும். ஒருநாள் காலனிக்காரர்கள் கூடி இனி அடிப்பதில்லை என்று நிறுத்தினார்கள். நிலத்து வேலை போச்சு, நைனா அசையவில்லை. தென்னார்க்காட்டில் இளையபெருமாள் பறையடிக்காதே என்று சொல்லி நின்றதும் இதற்காகத்தான். மதுரையில் தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள், இதுவே நம் விடுதலைக் கலை என்று அதே பறையை மேடையேற்றினார்கள். இரண்டு பேருமே நம்மவர்கள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது.

2022-ல் தொல்லியல் துறை இந்த வடக்குப்பட்டில் தோண்டிக் கற்காலக் கருவிகளை எடுத்தது. ஒவ்வொரு கல்லையும் அளந்து எழுதியிருப்பார்கள். சாவுக்கு எந்த அடி, சாமிக்கு எந்த அடி என்று நைனா கையில் இருந்ததை ஒருவரும் எழுதவில்லை. மகன் நானும்தான் எழுதவில்லை.

நம்ம தெருக் கல்யாணத்தில் தம்பிகள் ‘கருப்பி’யைப் போட்டபோது நைனா எழுந்து போய்விட்டார். "எந்தப் பொணத்துக்குடா இந்தச் சத்தம்? இதை வுடறதுக்கு நாங்க பட்ட பாடு தெரியுமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னேன்: "நைனா, நீ அடிச்சது அவுங்க சாவுக்கு. அவுங்க கூப்புட்டாங்க, போன. இந்தப் பாட்டுல யாரும் யாரையும் கூப்புடல. செத்தது நம்ம நாய். நம்ம நாய்க்கு நாமே அழுவுறோம். ஊர்க்காரன் நெல்லு இதுல இல்ல." அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடி பற்ற வைத்துக்கொண்டார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாசம் என் போனில் படத்தையே போட்டுக் காட்டினேன். சின்னத் திரை, கண்ணும் சரியில்லை. குளத்தில் நாயைக் குளிப்பாட்டுகிறது, அவர்கள் வந்து அந்தத் தண்ணியில் மூத்திரம் பெய்கிறது, தண்டவாளம், அடக்கம் எல்லாம் பார்த்தார். பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். "நாயைக் கட்டினானே, அவன் மேல கேசு போட்டாங்களா?"

"படத்துல போடல நைனா" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.