மிதித்தால் வரும் மின்சாரம்!



உடல் உழைப்பால் மின்சாரம் எடுப்பது பயனா, வீண் வேலையா என்பது தலைப்பு. ‘வீண் வேலை’ன்னு வாதாடின தம்பி கணக்குப் போட்டாரு. திடமான ஆளு விடாம சைக்கிள் மிதிச்சா 100 வாட் வரும். பத்து மணி நேரம் மிதிச்சாத்தான் ஒரு யூனிட்டு. அதுக்குத் தின்ன இட்லிக் காசு கரண்டு பில்லைத் தாண்டிடும்னாரு. கணக்கு சரிதாங்கய்யா! மிக்சி ஓட்டணும்னா அஞ்சாறு பேரு மிதிக்கணும். அதுக்கு அம்மியிலேயே அரைச்சுடலாம், சட்னியாவது ருசியா இருக்கும்! (சிரிப்பு)

ஆனா தம்பி, யூனிட்டை அளந்தீங்களே, அவசரத்தை அளந்தீங்களா?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்கு வாங்க. வறண்ட பூமி. பக்கத்து வீடே பல மைல் தூரம். போன் கம்பி கிடையாது. 1928-ல் குளோன்கரி என்ற ஊரிலிருந்து விமானத்தில் டாக்டரை அனுப்பும் சேவை தொடங்கியாச்சு. விமானம் இருக்கு, டாக்டர் இருக்காரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவருக்கு யாரய்யா சொல்றது? கரண்டே இல்லாத வீட்டுல ரேடியோ எப்படி வேலை செய்யும்?

ஆல்ஃபிரட் டிரேகர்னு ஒரு என்ஜினீயர். முதல்ல கையால சுத்துற ஜெனரேட்டர் வெச்சுப் பார்த்தாரு. ஒருத்தர் சுத்தணும், இன்னொருத்தர் தந்தி அடிக்கணும். வீட்டுல அம்மா தனியா இருந்தா? 1929-ல் சைக்கிள் பெடலை மாட்டிட்டாரு! கால் மிதிக்கும், கை ரெண்டும் சும்மா இருக்கும். வந்தது சுமார் 20 வாட். நம்ம பழைய டியூப்லைட்டுல பாதி! அந்தப் பாதி, நூறு மைல் தாண்டியும் செய்தி கொண்டு போச்சு. மோர்ஸ் தந்தி தெரியாதவங்களுக்கு, எழுத்தைத் தட்டினா அதுவே தந்தியாப் போற மாதிரி டைப்ரைட்டர் போல ஒரு பலகையும் பின்னால செஞ்சு கொடுத்தாரு. (கைதட்டல்)

ஃபேனுக்கும் மிக்சிக்கும் காத்தாலை வையுங்க, சூரியத் தகடு போடுங்க, நான் வேண்டாங்கலை. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நடு ராத்திரி, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, பெத்தவ பெடல்ல காலை வெச்சிருக்கா. “இறங்கும்மா, பத்து மணி நேரம் மிதிச்சாத்தான் ஒரு யூனிட்டு”ன்னு அவகிட்ட போய்ச் சொல்லுவீங்களா தம்பி? (பலத்த கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சிட்டாரு.