பட்டம் வாங்கிய பிள்ளைக்கு அடுத்த படி என்ன?

(கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையிலிருந்து)

 

நம் வீட்டுப் பிள்ளை பி.இ. முடித்தால் தெருவெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். மறுமாதம் பாஸ்போர்ட், அடுத்து வளைகுடா. பத்து வருடம் கழித்து விடுமுறையில் வருபவனைக் கேளுங்கள். சைட்டில் அதே வேலை. அவனிடம் வேலை கற்றவன் மேலாளராகி விட்டான் என்பான். அவன் வேலையில் குறையா? இல்லை. செலவைக் கணக்கிட்டு எழுதவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், நாலு விதமான ஆட்களை வைத்து வேலை வாங்கவும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர, அவரது சகோதரி நகையை அடகு வைத்ததை மேடைதோறும் பேசுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பேசுவதில்லை. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. நிபுணர்களைக் கேட்டு, ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான்! கலாமின் பொறுப்பை அவர் பறிக்கவில்லை. 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் விண்ணில் சுற்றத் தொடங்கியது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி கலாமிடமே சொன்னார். தலைமைக்கு ஆள் தயாரிப்பது இப்படித்தான்.

அந்தத் தவான் மெக்கானிக்கல் எஞ்சினியர். லாகூரில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.வும் படித்தவர். எஞ்சினியருக்கு இலக்கியம் எதற்கு என்று நம் வீடுகளில் கேட்டிருப்பார்கள்!

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கல்வி உதவி நான்காம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. சில வருடம் வேலை பார்த்தவன் ஐ.ஐ.எம். போன்ற இடத்தில் ஓராண்டு நிர்வாகப் படிப்புக்குப் போனால் சம்பளமும் நின்றுவிடும், கட்டணமும் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். வட்டியில்லாக் கடன் அவனுக்குத்தான் அவசரத் தேவை.

பணம் தர இயலாதவர்கள் கடையைத் திறந்துவிடுங்கள். கொள்முதல், வசூலாகாத பாக்கி, வேலையாட்களின் சச்சரவு, கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் எஞ்சினியரிங் மாணவன் ஒரு மாதம் கூடவே இருந்து பார்க்கட்டும். கல்லாவில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

கல்லூரி விடுமுறை வரப்போகிறது. யார் யார் கடையில் எத்தனை மாணவர்களைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று, வாசலில் நிற்கும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.