குட்டையும் பருமனும்: தோட்டத்துப் பிள்ளையின் முதல் ஐந்து ஆண்டுகள்

 

நான் தலைமை தாங்கும் இந்த ஆய்வரங்கின் அழைப்பிதழைப் பார்த்த தோட்டத் தலைவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். "நம்ம பிள்ளைங்க எலும்பும் தோலுமா கெடக்குதுங்க. குண்டாப் போறதப் பத்திப் பேசவா ஐயா கூட்டம் போடுறீங்க?"

நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நகரத்தில் அது 14.7 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை. மாவட்டங்களில் நம் நுவரெலியாவே முன்னணியில் நிற்கிறது, பெருமைப்பட முடியாத முன்னணி. அதே ஆய்வில், அதே வயதில், எடை மிகுந்த பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 2 வீதம் மட்டுமே. இதை வைத்துப் பார்த்தால் தலைவர் கேட்டதில் பிழையில்லை.

ஆனால் அவர் பிள்ளையின் இன்றைய உடம்பைப் பார்க்கிறார். நாம் அதே பிள்ளையின் முப்பதாவது, நாற்பதாவது வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள். குட்டையாக வளரும் பிள்ளைக்கும் பின்னாளில் வயிறு தள்ளி, சீனி வியாதியோடு கிளினிக் வரிசையில் நிற்கும் மனிதருக்கும் இடையே ஒரு நேர்வழி இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இந்த வழியைக் கண்டுபிடித்த கதையில் இங்கே வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களான மிட்வைப் மிஸ்மாருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் 1911 முதல் தாதியரை வீடு வீடாக அனுப்பினார். பிறந்த எடை, ஒரு வயதில் எடை, தாய்ப்பாலா போத்தல் பாலா என்பதையெல்லாம் அவர்கள் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவப் பேராசிரியர் அந்தப் பேரேடுகளைப் பிரித்து, 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் கதியைத் தேடினார். ஒரு வயதில் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் அது வெளியானது. மழையில் நனைந்து லயத்துக்கு லயம் ஏறி இறங்கி நீங்கள் எழுதும் பதிவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் தங்கைமாருக்காகவே இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பூனாவில் இருக்கிறது. சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அங்கே கிராமத்துத் தாய்மாரின் சிசுக்களை அளந்தார்கள். பிறந்த எடை சராசரியாக 2.7 கிலோ. ஒப்பிடுவதற்காக எடுத்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சிசுக்களோ 3.5 கிலோ. நம் பக்கத்துச் சிசுவுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த சிசுவுக்குள் கொழுத்த சிசு என்று சொல்லலாம். தாயின் வயிற்றில் உணவு போதாதபோது உடம்பு தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றுகிறது. அவுஸ்திரேலியாவில் வளரும் நம் நாட்டு வம்சாவளிப் பிள்ளைகளை அங்குள்ள வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு பேராசிரியர் விக்கிரமசிங்க ஒப்பிட்டபோதும், ஒரே உடற்பருமன் சுட்டெண்ணில் நம் பிள்ளைகளிடமே கொழுப்பு அதிகம் என்று தெரிந்தது.

அடுத்தது டில்லி. பிறந்ததிலிருந்து அளந்து வைத்திருந்த 1,492 பேரை அவர்களது 26 முதல் 32 வயதுக்குள் அங்குள்ள ஆய்வாளர்கள் மறுபடி சோதித்து 2004இல் எழுதினார்கள். சீனி வியாதிக்காரரும் அதன் வாசலில் நின்றவர்களும் இரண்டு வயதுவரை மெலிந்த பிள்ளைகள். பிறகு உரிய காலத்துக்கு முன்பே சதைபோடத் தொடங்கியவர்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனான பிள்ளையாக இல்லை. கண்ணால் பார்த்து எவரும் சந்தேகப்பட்டிருக்க முடியாது.

"உரிய காலம்" என்று சொன்னேன். ஒரு வயதில் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை, அதன்பின் உயர்ந்து ஒடிசலாவது இயற்கை. ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகே மறுபடி சதை பிடிக்கும். அந்தத் திருப்பம் மூன்று, நான்கு வயதிலேயே வந்தால் ஆபத்து. நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை நெடுநெடுவென்று வளரும்போது, "பிள்ளை வாடிப் போச்சு" என்று அப்பாயி பதறுகிறார். உடனே சொக்லட் நிறத்தில் ஒரு மாவு டின் வருகிறது, கிரீம் பிஸ்கட் வருகிறது. உண்மையாகவே மெலிந்து நலிந்த பிள்ளையும் அடுத்த காம்பராவில் இருக்கும் என்பதால்தான் இதில் குழப்பம். யாருக்குச் சத்துணவு வேண்டும், யாரைச் சும்மா விட வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, அளவுகோல்தான் சொல்லும்.

ஆனால் நாம் எதை அளக்கிறோம்? எடையை. ஒரு கணக்குச் சொல்கிறேன். மூன்று வயதுப் பெண்பிள்ளை, 14 கிலோ. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டின் எடைப் பக்கத்தில் புள்ளி வைத்தால் நடுக்கோட்டில் அழகாக உட்காரும். "நல்லா இருக்கு, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவோம். அவளுடைய உயரம் 84 சென்ரிமீற்றர் என்றால்? உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலில் அந்த வயதுக்கு நடு உயரம் 95, கீழெல்லை 87.4. ஆக அவள் வளர்ச்சி குன்றியவள். அதே வேளை 84 சென்ரிமீற்றர் உடம்புக்கு 14 கிலோ மிகை எடை. குறைவும் மிகையும் ஒரே பிள்ளையில் இருக்க, தராசு அவளைச் சுகதேகி என்கிறது. இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். குன்றிய பிள்ளைகளிடம் மிகை எடை கூடுதலாக இருப்பதை ரஷ்யா, பிரேசில், தென்னாபிரிக்கா, சீனா ஆகிய நான்கு நாடுகளின் தரவுகளைக் கொண்டு பாரி பொப்கின் குழுவினர் 1996லேயே காட்டிவிட்டார்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். தாய்க்குச் சட்டப்படி கிடைக்கும் பிரசவ விடுமுறை 12 வாரம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது ஆறு மாதம். இடையிலுள்ள மாதங்களை யார் நிரப்புவது? ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநாளில் இரண்டு இடைவேளை சட்டத்திலேயே உண்டு. மலை உச்சியில் கொழுந்தெடுப்பவள் பிள்ளைக் காம்பரா எனப்படும் சிறுவர் அபிவிருத்தி நிலையத்துக்கு இறங்கி வந்து பாலூட்டி மறுபடி ஏறினால், அன்றைய நிறுவை என்னாகும், முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா அரைநாளுக்கு அரைப்பேர் விழுமா என்பதைச் சட்டம் எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே பால்மாவும் சூப்பிப் போத்தலும் வீட்டுக்குள் வருகின்றன. மா தீர்ந்த நாளில் அதே போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணி. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிள்ளையின் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சீனி பசியை அடக்கிவிடும். காலையில் கோதுமை ரொட்டியும் சம்பலும், பத்து மணிக்கு பிஸ்கட், மாலையில் மறுபடி ரொட்டி என்றால் வயிறு நிறையும். எலும்பு நீள என்ன இருக்கிறது அதில்? ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும், சீனி கலந்த பானமே கூடாது என்கிறது 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டி. போத்தல் குளிர்பானங்களுக்கு நம் அரசு 2016இல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை முத்திரை கொண்டுவந்தது. சூப்பிப் போத்தல் தேத்தண்ணிக்கு முத்திரை ஏது?

கொழும்பிலிருந்து வரும் சுவரொட்டிப் பாணியில் "சீனி நஞ்சு, கொழுப்பைக் குறையுங்கள்" என்று இங்கே முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் ஆன குடும்பத்திடம் முட்டை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது ஆலோசனை ஆகாது. 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா சத்துமா கைக்கு வராமல் நின்றபோது, அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெறும் மாச்சத்து. 1973 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தப் பொட்டலம் கர்ப்பிணித் தாய்க்குத் தவறாமல் கிடைப்பதே, பிறக்கப்போகும் பிள்ளையின் பருமனைத் தடுக்கும் முதல் மருந்து. உணவைக் குறைப்பதைப் பற்றிப் பேச நாம் கூடவில்லை. வயிற்றை மட்டும் நிரப்பும் உணவுக்குப் பதிலாக உயரம் தரும் உணவு எப்படி லயத்துக்கு வரும் என்பதே நம் பேச்சு.

இன்றைய அமர்வுகளில் கட்டுரை வாசிப்பவர்கள், புள்ளிவிவரத்தோடு நின்றுவிடாமல் மூன்று காரியங்களில் முடிவு சொல்ல வேண்டுகிறேன். நம் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலும் தராசுக்குப் பக்கத்தில் உயரம் அளக்கும் பலகை ஒன்று இருக்க வேண்டும். உயரப் பக்கத்தையும் உயரத்துக்கேற்ற எடைப் பக்கத்தையும் நிரப்பாத பதிவேட்டைப் பூர்த்தியானதாக ஏற்கக்கூடாது. பாலூட்டும் தாய்மாரை நிலையத்துக்கு அண்மையிலுள்ள மலையில் வேலைக்கு விடும்படியும், அந்த இரண்டு இடைவேளைகளுக்காகப் பேரைக் குறைக்காதிருக்கும்படியும் கம்பனி முகாமைத்துவங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மூன்றாவதற்குப் பெரிய செலவில்லை. நிலையங்களில் பத்து மணி பிஸ்கட்டையும் சீனித் தேத்தண்ணியையும் நாளைக்கே நிறுத்தி, அவித்த கடலையோ பயறோ கொடுக்கலாம்.

தலைவரின் கேள்விக்குப் பதிலை மாலை அமர்வில் அவர் முன்னிலையிலேயே நீங்கள் சொல்லுங்கள். அவரையும் அழைத்திருக்கிறேன். ஆய்வரங்கு தொடங்கட்டும்.